நிமிடத்துக்கு 800 அடி! தெரியுமா?

ஹெவி மெட்டல் பாட்டில் நெஞ்சாங்கூட்டையே அதிரவைக்கும் அந்தத் தடதட முழக்கம் கையால் எழுவதில்லை, பெரிய ட்ரம்மை அடிக்கும் பெடல்களை இரண்டு பாதங்களும் மிதிப்பதால் எழுகிறது, தெரியுமா? நிமிடத்துக்கு 200 தாளம், தாளத்துக்கு நான்கு அடி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 அடி! நொடிக்குப் பதின்மூன்றுக்கும் மேல்! 1979இல் மோட்டர்ஹெட் குழுவின் 'ஓவர்கில்' பாட்டு தொடங்குவதே இரட்டைப் பாத முழக்கத்தோடுதான்.

பெடல் வாங்கப் போனால் முதலில் பார்க்கவேண்டியது ட்ரம்மில் படும் முனையை. அடிக்கிற முனையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வித்தை யாழ்ப்பாணத்துக்குப் புதிதே இல்லை, இது தெரியுமா? தவிலைக் கிட்ட நின்று பாருங்கள். ஒரு முகத்தில் கழி. நம் ஊரில் வேலிக்கு வேலி நிற்கிறதே பூவரசு, அந்த மரத்தில் கடைந்தது! மறுமுகத்தில் விரல்கூடு. துணியில் பசை தடவி, விரல் அளவுக்கு இறுக்கிச் சுற்றி, கல்லாகக் காயவிட்டு எடுப்பார்கள். வெறும் விரல் பட்டால் நாதம் அமுங்கும், கூடு பட்டாலோ கோயில் வீதியின் அந்தம்வரை கணீரென்று கேட்கும்! இணுவிலில் 1933இல் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி இந்தக் கழியையும் கூட்டையும் கொண்டுதான் தமிழ்நாட்டு மேடைகளையும் கட்டிப்போட்டார். 1975இல் மறைந்தபோது வயது 41தான்! அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதே வாங்கியது.

பெடலிலும் முதல் கேள்வி அதே முனைதான். கம்பளி போன்ற ஃபெல்ட் முனை பட்டால் 'தும்' என்று உருண்டு வரும். பிளாஸ்டிக் முனை பட்டால் 'டக்' என்று வெட்டும். வேகமாக மிதிக்கும்போது அடிகள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாகக் கேட்க அந்த 'டக்' வேண்டும். ஆகவே மெட்டல் வாசிப்பவருக்குக் கடின முனையே என் தேர்வு. ட்ரம்மின் தோல் கிழியாமலிருக்க, முனை படும் இடத்தில் ஒரு வட்ட ஒட்டு ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, மிதியையும் முனையையும் இணைப்பது எது என்று பாருங்கள். சங்கிலி பூட்டிய பெடல் காலுக்கு இதமாக இருக்கும். சங்கிலிக்குப் பதில் ஒரே உலோகத் தண்டு வைத்த டைரக்ட் டிரைவ் பெடலில் தொய்வே கிடையாது, பாதம் அசைந்த கணமே முனையும் அசையும்! எது நல்லது என்பதை உங்கள் கால்தான் சொல்லவேண்டும்.

இரு பாதங்களாலும் ஒரே ட்ரம்மை அடிக்க உதவும் டபுள் பெடலில் இடக்கால் மிதிப்பது நேரே ட்ரம்மைத் தொடுவதில்லை, தெரியுமா? ஒரு நீள இணைப்புத் தண்டு வழியாகத்தான் அடி போய்ச் சேர்கிறது. அந்தத் தண்டின் மூட்டில் நூலளவு ஆட்டம் இருந்தாலும் இடது அடி பிந்தும், 800 அடியும் நொண்டும்! கடையில் தண்டைக் கையால் பிடித்து இரு பக்கமும் திருகிப் பாருங்கள். கடகடத்தால் வாங்கவே வாங்காதீர்கள். வாங்கிய பிறகு சங்கிலிக்கும் சுருள்வில்லுக்கும் அவ்வப்போது ஒரு துளி எண்ணெய் விடுங்கள், நம்முடைய கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது!