கார்டும் கணக்கும் – 9: பில் போடுவதற்கு முன்பே கட்டலாமா?

கிரெடிட் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு தேதி மனப்பாடம்: பணம் கட்டக் கடைசி நாள். தவறவிட்டால் அபராதம், வட்டி, வங்கியிலிருந்து போன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்பதால் அதை யாரும் மறப்பதில்லை. அதற்குச் சுமார் இருபது நாள் முன்னால், யார் கண்ணிலும் படாமல் இன்னொரு தேதி கடந்துபோகிறது. அது ஸ்டேட்மென்ட் தேதி. அன்றைக்குத்தான் வங்கி அந்த மாதக் கணக்கை முடித்து, நீங்கள் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதுகிறது. வீட்டுக் கடன், வாகனக் கடன் வாங்கப்போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தத் தேதியைத்தான்.

போன வாரம் வட்டியில்லா அவகாசத்தைப் பார்த்தோம். அதை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டு, கடைசி நாளுக்குள் பாக்கியில்லாமல் கட்டுகிறவர் வங்கிக்கு ஒரு ரூபாய்கூட வட்டி தருவதில்லை. அப்படிப்பட்டவர்களில் சிலர் கடன் கேட்டுப் போகும்போது, 'கார்டில் நிறைய நிலுவை இருக்கிறதே' என்று கேட்கப்பட்டுத் திகைத்துப் போகிறார்கள். ஒரு நாள்கூடத் தாமதிக்காதவருக்கு எங்கிருந்து வந்தது நிலுவை?

ஒரு கணக்கைப் பார்ப்போம். கார்டின் லிமிட் ஒரு லட்சம் ரூபாய். ஸ்டேட்மென்ட் தேதி 12. கடைசி நாள் அடுத்த மாதம் 1. மகளின் காலேஜ் ஃபீஸ், ஒரு வாஷிங் மெஷின், மளிகை, பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 12-ம் தேதி 62,000 ரூபாய்க்கு பில் வருகிறது. சம்பளம் வந்ததும் 1-ம் தேதி அத்தனையும் கட்டிவிடுகிறார். இவர் மேல் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் 12-ம் தேதிக்கும் 1-ம் தேதிக்கும் நடுவில் வங்கி இவருடைய கணக்கைக் கடன் தகவல் நிறுவனமான சிபிலுக்கு அனுப்பியிருந்தால், அங்கே பதிவாவது: லிமிட் 1,00,000, நிலுவை 62,000. அதாவது லிமிட்டில் 62 சதவீதம் கடன். அடுத்த மாதம் பைசா பாக்கியில்லாமல் கட்டப்போகிறார் என்பது அந்தப் பதிவில் இருக்காது.

அதே மனிதர் கையில் இருந்த சேமிப்பிலிருந்து 9-ம் தேதியே 55,000 ரூபாயைக் கட்டியிருந்தால் பில்லில் 7,000 மட்டுமே நின்றிருக்கும். செலவில் மாற்றமில்லை, பணமும் அதே பணம்தான். மூன்று வாரம் முன்னதாகக் கட்டியதால் 62 சதவீதம் 7 சதவீதமாகிவிடுகிறது.

லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறோம் என்கிற இந்த விகிதம், கடன் ஸ்கோரைத் தீர்மானிக்கும் காரணங்களில் ஒன்று. முப்பது சதவீதத்துக்குள் வைத்திருங்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். அது ரிசர்வ் வங்கி போட்ட விதி அல்ல. அனுபவத்தில் வந்த ஒரு கணக்கு. குறையக் குறைய நல்லது என்று வைத்துக்கொண்டால் போதும். சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை. பல வங்கிகள் வீட்டுக் கடனுக்கு வட்டி போடும்போதே இந்த ஸ்கோரைப் பார்த்துத் தட்டுத் தட்டாகப் பிரித்திருக்கின்றன. முப்பது லட்சம் ரூபாய், இருபது வருடக் கடன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வட்டி 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். 8.75 என்றால் சுமார் 26,511. மாதத்துக்கு 476 ரூபாய்தான் வித்தியாசம் என்று தோன்றும். 240 மாதத்துக்குப் பெருக்கினால் ஒரு லட்சத்துப் பதினான்காயிரத்தைத் தாண்டுகிறது.

ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்பே கட்டிவிடும் இந்த வழக்கம் அமெரிக்காவில் வெகுகாலமாக இருக்கிறது. அங்கே பெரும்பாலான வங்கிகள் ஸ்டேட்மென்ட் நாளில் நிற்கும் தொகையைத்தான் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. அதனால் அந்த ஒரு நாளைக் குறிவைத்தால் போதும். ஃபைகோ எனும் அங்குள்ள கடன் ஸ்கோரை உன்னிப்பாகக் கவனிப்பவர்கள் எல்லா கார்டுகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றில் மட்டும் சிறு தொகையை விட்டுவைப்பார்கள்.

அந்த யோசனையை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஊரில் விதி மாறியிருக்கிறது. முன்பெல்லாம் வங்கிகள் மாதத்துக்கு ஒருமுறை தகவல் அனுப்பினால் போதும். 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. 2025 ஜனவரி 1 முதல், குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். மாதத்தின் 15-ம் தேதி ஒன்று, கடைசி நாள் ஒன்று. அந்த நாள்களின் நிலவரத்தை ஏழு நாளுக்குள் கடன் தகவல் நிறுவனங்களிடம் சேர்க்க வேண்டும். இடைவெளியை இன்னும் குறைக்கும் திசையில்தான் விதிகள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே 12-ம் தேதி பில்லில் பூஜ்யம் காட்டிவிட்டு, 13-ம் தேதி ஐம்பதாயிரத்துக்கு நகை வாங்கினால், போட்ட திட்டம் வீணாகலாம்.

உங்கள் வங்கி எந்தத் தொகையை, எந்த நாளில் அனுப்புகிறது என்று தெரிந்துகொள்ள நேரான வழி ஒன்று உண்டு. சிபில் அறிக்கையைத் திறந்து, ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள பகுதிக்குப் போங்கள். கார்டு எப்போது வாங்கியது, லிமிட் எவ்வளவு, இப்போதைய நிலுவை எவ்வளவு, தவணை தாண்டிய தொகை எவ்வளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். பக்கத்திலேயே அந்தத் தகவல் எந்தத் தேதிக்கானது என்றும் போட்டிருக்கும். அந்தத் தேதியையும் நிலுவையையும் குறித்துக்கொண்டு, அதே மாத ஸ்டேட்மென்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பில் தொகையும் அதுவும் ஒன்றா, வேறா என்பது தெரிந்துவிடும். அதற்குக் கீழே மாதவாரியாக மூன்று வருடத்துக்கு ஒரு அட்டவணை ஓடும். தாமதமில்லாத மாதங்களில் '000' என்று இருக்கும். தாமதமான மாதத்தில் எத்தனை நாள் தாமதம் என்ற எண் உட்கார்ந்திருக்கும்.

நிலுவைக்கும் தாமதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். நிலுவை என்பது அடுத்த தகவல் போனதும் மாறிவிடும் எண். தாமதம் அப்படியல்ல, மூன்று வருட அட்டவணையிலிருந்து நகர்ந்து வெளியேறும் வரை கடன் கொடுப்பவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே, ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்னால் கட்ட முடியாவிட்டால் கவலை வேண்டாம், கடைசி நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடைசி நாள் தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடவும், தவணை தவறியதாகத் தெரிவிக்கவும் வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. அந்த மூன்று நாள் தவறிப்போனவர்களுக்கான பாதுகாப்பு. அதற்காக வட்டி ஓடாமல் நிற்காது.

கடன் வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள் மாதாமாதம் இப்படி முன்கூட்டிக் கட்ட வேண்டுமா? தேவையில்லை. விண்ணப்பம் போடுவதற்கு முந்தைய இரண்டு மாதம் செய்தால் போதும் என்பேன். அந்த இரண்டு மாதமும் பெரிய செலவைக் கார்டில் ஏற்றாதீர்கள். ஸ்டேட்மென்ட் தேதிக்கு ஒருமுறை என்பதோடு, 15-ம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் முன்னால் ஒருமுறை ஆப்பைத் திறந்து நிற்கும் தொகையைக் கட்டிவிடுங்கள். இதனால் வரும் நஷ்டம் சொற்பம். 40,000 ரூபாயை ஒரு மாதம் முன்னதாகக் கட்டினால், மூன்று சதவீத வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் நீங்கள் இழப்பது ஏறக்குறைய நூறு ரூபாய்.

கட்டும்போது சில விஷயங்களில் கவனம் வேண்டும். வேறு வங்கிக் கணக்கிலிருந்தோ வேறு ஆப் வழியாகவோ கட்டிய பணம் கார்டில் வரவாக ஓரிரு நாள் ஆகலாம்; கடைசி நேரம் வரை காத்திருக்காமல் மூன்று நாள் முன்னதாகவே கட்டிவிடுவது நல்லது. ஆட்டோ டெபிட் போட்டிருப்பவர்கள் பில் வந்த பிறகு கையால் கட்டினால், சில வங்கிகளில் பில் தொகை மறுபடியும் கணக்கிலிருந்து போய்விடும். பில் வருவதற்கு முன்பே கட்டிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. நிற்கும் தொகைக்கு மேல் கட்டாதீர்கள். கூடுதல் பணத்துக்கு வட்டி கிடைக்காது, திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். நண்பர்களின் செலவையெல்லாம் உங்கள் கார்டில் தேய்த்துவிட்டு மாதத்தில் நாலைந்து முறை கட்டுகிற பழக்கம் இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள்: ஒரு நிதியாண்டில் கார்டுக்குக் கட்டிய தொகை பத்து லட்சம் ரூபாயைத் தொட்டால், வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்.

ஸ்டேட்மென்ட் தேதியே உங்கள் சம்பள நாளுக்கு ஒத்துவரவில்லையா? அதை மாற்றிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. குறைந்தது ஒருமுறையாவது பில்லிங் காலத்தை மாற்றிக்கொள்ள வாய்ப்பு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கார்டு நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தோ ஆப்பிலோ கேட்டுப் பெறலாம். நம்மில் பலருக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாது.

இதுவரை சொன்னது முழுத் தொகையையும் கட்ட முடிகிறவர்களுக்கு. 'மினிமம் டியூ' மட்டும் கட்டி மாதத்தை ஓட்டுகிறவர்கள் ஸ்கோரைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். 62,000 ரூபாய் பில்லில் ஐந்து சதவீதமாக 3,100 ரூபாயை மட்டும் கட்டினால், மீதி 58,900 ரூபாய்க்கு மாதம் 3.5 சதவீத வட்டி 2,061 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா அவகாசமும் பறிபோகும். கார்டு வட்டி ஆண்டுக்கு முப்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்ன தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்தப் பாதுகாப்பும் இனி இல்லை. கையில் சேமிப்போ, அடகு வைக்க நகையோ இருந்தால் முதலில் இந்தப் பாக்கியை அடைத்துவிடுங்கள். நகைக் கடன் வட்டி இதில் பாதிகூட வராத இடங்கள் உண்டு.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை ஸ்கோரோடு இலவசமாகத் தர வேண்டும். அவரவர் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். இடைத்தரகர் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. அதில் தவறு இருந்து புகார் கொடுத்தால் முப்பது நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு உங்களுக்கு. இந்த ஆண்டுக்கான அறிக்கையை இன்னும் எடுக்காதவர்கள் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் அடுத்த வாரக் கட்டுரை எளிதாகப் புரியும்.

(தொடரும்)