கண்ணாடித் தொட்டியில் கவசக் கெளிறு

மும்பை கிராபோர்டு மார்க்கெட்டிலும் குர்லாவிலும் உள்ள வண்ணமீன் கடைகளில், தொட்டியின் அடியை மீசையால் துழாவித் திரியும் சிறு மீன்களை நேயர்கள் பார்த்திருக்கக்கூடும். 'தொட்டியைத் துப்புரவு செய்யும் மீன்' என்று சொல்லி அவற்றை விற்பது வழக்கம். கோபர்கைரனேயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மீன்கள் வந்து சேர்ந்ததும் அந்தப் பெயரோடுதான். ஏனைய மீன்கள் உண்டு எஞ்சியதே அவற்றுக்குப் போதும் என நம்பினேன். இருபது நாள் கழியுமுன் இரண்டும் மாண்டன.

இவை நம் ஊர்க் கெளுத்தியின் தூரத்து உறவினம்; பிறப்பிடம் தென்னமெரிக்க நீரோடைகள். 'கோரிடோராஸ்' என்னும் பெயர், தலைக்கவசம், தோல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. செதிலுக்குப் பதிலாக விலாவில் இரு வரிசை எலும்புத் தகடுகள் இருப்பதே காரணம். அலுவலகத்தில் நாள்தோறும் சொற்களோடு மல்லாடும் பழக்கத்தால், 'கவசக் கெளிறு' என நான் பெயரிட்டுக்கொண்டேன். கெளுத்தியை நூல்வழக்கில் கெளிறு என்பர். நேயர்களுக்கு உவப்பில்லையேல் விட்டுவிடலாம். எளிதில் கிடைப்பது வெண்கல நிற வகை. அது 7 சென்டிமீட்டர் வரை வளரும்.

என் மீன்கள் மாண்டதற்குப் பசி மட்டும் காரணமன்று. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நஞ்சாகும். அதை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேறுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நானோ தொட்டி வாங்கிய மறுநாளே மீனை விட்டேன். எந்த மீனும் இந்நஞ்சைத் துப்புரவு செய்யாது. தன் பங்குக்கும் சேர்க்கவே செய்யும்.

இம்முறை 60 சென்டிமீட்டர் நீளத் தொட்டியில் ஆறு மீன்களை விட்டேன். கூட்டமாக வாழும் இனமாதலால் ஆறுக்குக் குறைதல் ஆகாது. கூரிய சரளைக்கல் மீசையைத் தேய்த்துவிடும். ஆகவே மெல்லிய ஆற்றுமணலே தகும். அடியில் அமிழும் உணவை மாலையில் தனியே இடவேண்டும். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுவேன். குழாய் நீரை முதல் நாளே வாளியில் திறந்து வைத்துக் குளோரினைப் போக்குவதுண்டு. 22 முதல் 26 பாகை வரையிலான வெப்பமே இவற்றுக்கு உகந்தது. மே மாதப் புழுக்கத்தில் நீர்ப்பரப்பின்மீது சிறு விசிறியை ஓடவிட்டால், நீர் ஆவியாவதால் இரண்டொரு பாகை தணியும். மீன் மேலெழுந்து காற்றை விழுங்குவது கண்டு அஞ்சவேண்டாம். குடலாலும் சுவாசிக்கும் இயல்பு அதற்குண்டு. ஓயாமல் மேலெழுந்தால்தான் நீரைச் சந்தேகிக்கவேண்டும்.

துப்புரவு மீன் என்றே விற்கப்படும் 'சக்கர்' மீனை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அது ஒரு முழத்துக்கும் மேல் வளரும். வளர்ந்ததும் ஏரியில் விட்டவர்களால், சென்னை, கேரளம், வங்காளம் ஆகிய இடங்களின் நீர்நிலைகளில் அது இன்று பெருகிக் கிடக்கிறது.

இனப்பெருக்கத்தைத் தூண்டுவது மழையே. தாயகத்தில் மழைநீர் ஓடையைக் குளிர்விக்கும் காலத்தில் இவை முட்டையிடும். ஜூன் மாதத்தின் முதல் பெருமழையன்று, தொட்டியின் பாதி நீரை நீக்கிச் சற்றுக் குளிர்ந்த நீரை ஊற்றினேன். மறுநாட்காலை, உடல் அகன்ற பெண்மீனை ஆண்மீன்கள் துரத்தின. பெண் ஆணின் விந்தை வாயால் பருகுகிறது. அது குடல்வழியே வெளிப்பட்டு, அடித்துடுப்புகளிடையே ஏந்திய முட்டைகளைச் சேர்கிறது. இவ்விந்தையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்டனர். பின்பு தாய் அம்முட்டைகளைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கும்.

பெற்றோரே முட்டையைத் தின்றுவிடுமாதலால், அவற்றை விரலால் மெல்ல உருட்டி எடுத்து, காற்றுக்குமிழ் விடும் தனிக் கலத்தில் இட்டேன். நாட்டு வாதுமைச் சருகு ஒன்றை இட்டால் பூஞ்சணம் பற்றுவது குறையும். நான்காம் நாள் குஞ்சுகள் வெளிவந்தன. இரண்டொரு நாள் கருவுணவே போதும். அதன்பின் பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளை நாளுக்கு மும்முறை தரவேண்டும்.

ஏறத்தாழ அறுபது முட்டைகளில் பதினான்கு தேறின. மாதுங்கா நண்பர் ஒருவர் தம் தொட்டியைத் துப்புரவு செய்ய இரண்டு மட்டும் கேட்டார். ஆறாகத்தான் கொடுத்தேன், அதுவும் அவர் தொட்டிக்கு ஆறு வாரம் ஆன பிறகே.