நோயுள்ள பூனையைத் தத்தெடுக்கும் முன்

மீட்பு இல்லங்களில் குட்டிப் பூனைகளுக்கு எப்படியும் ஆள் கிடைத்துவிடும். ஒரு கண் போனது, பின்னங்காலை இழுத்துக்கொண்டு நகர்வது, மருத்துவச் சீட்டில் ‘எஃப்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று எழுதப்பட்டது போன்றவைதான் மாதக்கணக்கில் தங்கிவிடுகின்றன. சிலவற்றுக்கு ஆயுள் முழுவதும் அந்தக் கூண்டுதான். இவற்றைப் பார்க்க வருகிறவர்களில் ஒரு சாரார், பாவம் என்று அன்றே தூக்கிக்கொண்டு போகிறார்கள். இன்னொரு சாரார் நோயின் பெயரைக் கேட்டதும் நகர்ந்துவிடுகிறார்கள். இரு சாராரும் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்றுதான்: இந்தப் பூனைக்காகத் தினமும் நான் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும்?

பெயரைக் கேட்டாலே நடுங்க வைக்கும் நோய்க்கு அன்றாட வேலை எதுவும் இல்லாமல் இருக்கலாம். பார்த்தால் சின்னக் குறையாகத் தெரிவது, காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் உங்களை வீட்டில் கட்டிப்போடலாம். அதனால் நோயின் பெயரை விட்டுவிட்டு, வேலையிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் எஃப்.ஐ.வி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீணான பயத்தால் அதிகம் ஒதுக்கப்படுவது இந்தப் பூனைகள்தான். 1986இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ குழுவினர் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். மனிதர்களைத் தாக்கும் எச்.ஐ.வி. இருக்கும் அதே வைரஸ் குடும்பம் என்பதால் ‘பூனை எய்ட்ஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. இது மனிதர்களுக்குத் தொற்றாது, நாய்க்கும் தொற்றாது. பூனைக்குப் பூனை பரவுவதும் பெரும்பாலும் ஆழமான கடிக்காயம் வழியாகத்தான். கருத்தடை செய்யாத கடுவன் பூனைகள் தெருவில் எல்லைக்காகச் சண்டை போடும்போது அது நடக்கிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ ஒன்றையொன்று நக்கிக்கொள்வதாலோ பரவுவது மிக அரிது. கருத்தடை செய்யப்பட்டு, சண்டையில்லாமல் பழகும் பூனைகள் உள்ள வீட்டில் எஃப்.ஐ.வி. பூனையும் இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

இந்தப் பூனைகளில் பல, எந்த அறிகுறியும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து முதுமையில் இறக்கின்றன. உங்கள் பங்குக்கு, பூனையை வெளியே விடக்கூடாது. கருத்தடை செய்திருக்க வேண்டும். பச்சை இறைச்சி கொடுக்கக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எதிர்ப்புசக்தி குறைவு என்பதால் சின்னக் காயம், சளி எதையும் தானாக ஆறட்டும் என்று விட்டுவைக்கக் கூடாது. வாயை அடிக்கடி பாருங்கள். இந்தப் பூனைகளுக்கு ஈறு கடுமையாக வீங்கி, பசித்தாலும் சாப்பிட முடியாத நிலை வருவதுண்டு. சிலவற்றுக்குப் பற்களையே பிடுங்க வேண்டிவரும். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் வலி போனபிறகு, பல் இல்லாமலேயே நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேறுகிற பூனைகள் ஏராளம்.

பரிசோதனையைப் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எஃப்.ஐ.வி.க்கு வழக்கமாகச் செய்யும் துரிதச் சோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. தாய்க்கு நோய் இருந்தால் அந்த எதிர்ப்பொருள் பால் வழியாகக் குட்டிக்கும் வந்துவிடும். குட்டிக்கு நோய் இல்லாமலே ‘பாசிட்டிவ்’ காட்டும். ஆறு மாதம் ஆனபிறகு மறுபடி சோதித்தால் பலவற்றில் அது மறைந்திருக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் கைவிடப்படும் குட்டிகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

பூனை லுகேமியா வைரஸை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1964இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் கண்டறிந்த அந்த வைரஸ் எச்சில் வழியாகவே பரவும். ஒரே கிண்ணம், ஒன்றையொன்று நக்குவது, தாயிடமிருந்து குட்டிக்கு என்று பல வழிகள். வீட்டில் வேறு பூனை இல்லாதவர்கள்தான் இதை எடுக்கலாம். அல்லது இருப்பதும் அதே நோயுள்ளதாக இருக்க வேண்டும். முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தாலும் இன்னொரு சோதனையில் உறுதி செய்யச் சொல்லுங்கள். நோய் உடலில் நிலைத்துவிட்டால் பெரும்பாலும் சில ஆண்டுகளே மிஞ்சும். அதைத் தெரிந்தே எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அடுத்து, தள்ளாடும் பூனை. தாய் கருவுற்றிருக்கும்போது பான்லுகோபீனியா வைரஸ் தாக்கினால், குட்டியின் சிறுமூளை சரியாக வளராது. குட்டி நடக்கத் தொடங்கும்போதே தலை ஆடும், கால்கள் அகன்று தடுமாறும், கிண்ணத்தில் வாய் வைக்கப் போய் மூக்கை இடித்துக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்குத்தான் அது வேதனை. பூனைக்கு வலி இல்லை, இந்தக் குறை நாளாக நாளாக மோசமாவதும் இல்லை, ஆயுளும் குறையாது. இதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. மாற வேண்டியது வீடுதான். நம் வீடுகளின் டைல்ஸ், மார்பிள் தரை இதற்கு ஆகாது, வழுக்கிவிடும். அது நடமாடும் இடங்களில் ரப்பர் பாயோ நார்விரிப்போ போடுங்கள். சாப்பாட்டுக் கிண்ணம் கனமாக, கவிழாததாக இருக்கட்டும். மணல் தட்டின் மூன்று பக்கம் உயரமாகவும் ஒரு பக்கம் தாழ்வாகவும் இருந்தால் சாய்ந்து நின்றுகொள்ளும். மாடிப்படியை அடைத்து, பால்கனிக்கு வலை போடுங்கள். ஒரு எச்சரிக்கை: நன்றாக நடந்த பூனை ஒருநாள் திடீரெனத் தள்ளாடினால் அது இந்தக் குறை அல்ல. காதுக்குள் நோய், அடிபட்டது, விஷம் என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கண் தெரியாத பூனைக்கும் மூன்று கால் பூனைக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலாவதுக்கு நாற்காலி, கட்டில், தண்ணீர்க் கிண்ணத்தை இடம் மாற்றாதீர்கள். தொடுமுன் குரல் கொடுங்கள். இரண்டாவதுக்கு உடம்பு பெருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மிச்சமுள்ள மூட்டுகள்தான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன.

வண்டியில் அடிபட்டோ நாய் கடித்தோ முதுகெலும்பு பாதித்து, இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாத பூனை வேறு கணக்கு. பலவற்றுக்குத் தானாகச் சிறுநீர் கழிக்க வராது. ஒரு நாளில் பல முறை, வயிற்றைத் தடவிச் சிறுநீர்ப்பையைக் கண்டுபிடித்து, இதமாக அழுத்தி வெளியேற்ற வேண்டும். எத்தனை முறை என்பதை மருத்துவர் சொல்வார். விட்டுவிட்டால் கிருமித்தொற்று வரும், சிறுநீரகம் கெடும். இதைப் படித்தோ வீடியோ பார்த்தோ கற்றுக்கொள்ள முடியாது. மருத்துவரின் மேசையில், அவர் கையைப் பார்த்து, உங்கள் கையால் செய்து பழக வேண்டும். பழகிவிட்டால் சில நிமிட வேலைதான். ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போனால், உங்களுக்கே காய்ச்சல் வந்தால் யார் செய்வார்கள்? வீட்டில் இரண்டாவது ஒருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால், எவ்வளவு மனம் இளகினாலும் இந்தப் பூனையை எடுக்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை என்பது என் உறுதியான கருத்து.

வயதான பூனைகளிடம் அதிகம் காண்பது சிறுநீரகச் செயலிழப்பு. நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீர் போகும், உடல் இளைக்கும். குணமாக்க முடியாது, ஆனால் பாஸ்பரஸ் குறைந்த உணவாலும் மருந்தாலும் நோயின் வேகத்தைக் குறைக்கலாம். சிலவற்றுக்கு வீட்டிலேயே தோலுக்கடியில் சலைன் ஏற்றச் சொல்வார்கள். தோள்பட்டைத் தோலைத் தூக்கி ஊசி போடுவது முதலில் கை நடுங்க வைக்கும். சில வாரங்களில் இருவருக்கும் பழகிவிடும். அளவை மட்டும் மருத்துவர் சொன்னபடியே வையுங்கள். சர்க்கரை நோய் என்றால் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் தினம் இரு முறை இன்சுலின். சீக்கிரமே சிகிச்சை தொடங்கி, மாவுச்சத்து குறைந்த உணவு கொடுத்தால், சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வருவதுண்டு. சாப்பிடாத பூனைக்கு மருத்துவரைக் கேட்காமல் வழக்கமான அளவை ஏற்றிவிடாதீர்கள்.

எஃப்.ஐ.பி. என்ற பெயரையும் கேள்விப்படுவீர்கள். பூனைகளின் குடலில் சாதாரணமாகக் காணப்படும் கொரோனா வைரஸ் ஒன்று சில பூனைகளின் உடலுக்குள் மாறிக் கொடிய நோயாகிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை இது வந்தால் மரணம்தான். மேலே சொன்ன அதே பெடர்சன், ஜி.எஸ்.-441524 என்ற மருந்தை இயற்கையாக நோயுற்ற 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார். 26 பூனைகள் பன்னிரண்டு வாரச் சிகிச்சையை முடித்தன; அவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. ஆகவே இந்த நோயிலிருந்து மீண்ட பூனை என்று ஒன்றைக் காட்டினால் சந்தேகப்பட வேண்டாம். எப்போது சிகிச்சை முடிந்தது, அதன்பின் எடுத்த ரத்தப் பரிசோதனைகள் எங்கே என்று கேளுங்கள்.

வாய்ச்சொல்லை நம்பிக் கிளம்பக் கூடாது என்பது எல்லா நோய்க்கும் பொருந்தும். பரிசோதனைச் சீட்டு, தேதி, கொடுத்துவரும் மருந்தின் பெயரும் அளவும், போட்ட தடுப்பூசிகள் எல்லாவற்றையும் காகிதத்தில் வாங்குங்கள். எந்த உணவை விரும்பிச் சாப்பிடுகிறது, மாத்திரை கொடுக்கும்போது கடிக்குமா என்பதைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரிடமே விசாரியுங்கள். அவருக்குத் தெரிந்தது சீட்டில் இருக்காது. முடிந்தால் முதலில் இரண்டு வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்க்கக் கேளுங்கள். பல இல்லங்கள் மகிழ்ச்சியோடு சம்மதிக்கும். பூனை பார்த்துப் பழகிய மருத்துவர் உங்கள் வீட்டுக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறாரா என்பதையும் முன்பே பாருங்கள். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் சிகிச்சை தருகிறார்கள்.

வீட்டில் இருக்கும் ஆபத்துகளைச் சொல்லாமல் விட முடியாது. காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டு கொடுத்தாலும் பூனை இறந்துவிடலாம். அதன் கல்லீரலால் அந்த மருந்தைச் சிதைக்க முடியாது. லில்லிச் செடிகள் பூனையின் சிறுநீரகத்தை அழிப்பவை. நம் மாநில மலரான செங்காந்தளும் விஷம்தான். தயிர்சாதமும் பால்சாதமும் பூனைக்குப் போதாது. டாரின் என்ற சத்து இறைச்சி, மீன் வழியாகத்தான் கிடைக்கும். அது இல்லாவிட்டால் பார்வையும் இதயமும் கெடும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தால், விழுங்க வைத்ததும் சிரிஞ்சில் சிறிது தண்ணீர் புகட்டுங்கள். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

வந்த முதல் நாட்களில் ஓர் அறையில் மட்டும் விடுங்கள். கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். ஆனால் ஒரு நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் மருத்துவருக்குப் போன் செய்துவிடுங்கள். சில நாள் பட்டினி கிடந்தாலே, அதிலும் உடல் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

எல்லாம் யோசித்து எடுத்தபிறகும் முடியாமல் போகலாம். வேலை மாறும், பணம் நெருக்கும், வீட்டில் யாராவது படுத்துவிடுவார்கள். அப்போது எடுத்த இடத்திலேயே திரும்ப ஒப்படையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எடுக்கும்போதே இதற்கு அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடலாம். தெருவில் விடுவது மட்டும் வேண்டாம். வளர்ப்பு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வேளாவேளைக்கு மருந்து பழகிய பூனை தெருவில் வெகுநாள் தாங்காது.