சிரிக்கும் சொக்கற்றும் கிள்ளும் மெசினும்

உடுப்புத் தோய்க்கும் மெசினை ஈரக்கையால் தொட்டால் மெல்லக் கிள்ளுகிறது என்று எம்மவர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். செருப்புப் போட்டுக்கொண்டு தோய்த்தால் சரி என்பதே வழக்கமான வைத்தியம். எங்கள் வீட்டிலும் இரண்டு மாதம் அப்படித்தான் ஓடியது, சின்னவள் ஒரு கையால் மெசினையும் மறுகையால் தண்ணீர்க் குழாயையும் பிடித்து அலறும்வரை.

அது ஜேர்மனியிலிருந்து வந்த பழைய மெசின். அதன் பிளக் வட்டமானது. ஏர்த் தகடுகள் பக்கவாட்டில் இருக்கின்றன. டெனிஷ் சொக்கற்றைப் பாருங்கள்: இரண்டு கண், கீழே சிரிக்கும் வாய். அந்த வாய்தான் ஏர்த். ஜேர்மன் பிளக்கின் கால்கள் கண்களுக்குள் போய்விடும், மெசினும் சுற்றும். ஏர்த் மட்டும் தொடாது. ஊரில் ஏர்த் ஓட்டைக்குள் பென்சிலை விட்டு இரண்டு கால் பிளக்கைச் செருகினோமே, அந்த வேலைதான். பிற்காலத்தில் ஜேர்மன் முறைச் சொக்கற்றுக்கும் இங்கே அனுமதி வந்தது. ஆனால் பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் டெனிஷ் சொக்கற்தான்.

2008 யூலை 1 முதல் எல்லா வீட்டிலும் கசிவு றிலே இருக்கவேண்டும் என்பது சட்டம். பிறகேன் அது விழவில்லை? மெசினுக்குள் உள்ள வடிகட்டி வழியே கசிவது மிகச் சிறிய கறண்ட். றிலே கட்டாயம் விழவேண்டியது 30 மில்லி அம்பியரில். உள்ளே வயர் தேய்ந்து பெரிய கசிவு வந்தால், ஏர்த் இருக்கும் மெசினில் அது மண்ணில் அறைந்த கம்பிக்கு ஓடும், றிலே உடனே விழும். ஏர்த் இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை றிலே காத்திருக்கும்!

கடையில் ஏர்த் உள்ள அடப்ரர் வாங்கி மாட்டினோம். கிள்ளல் நின்றது. கொம்பியூட்டருக்கு வாங்கும் மின்னல் காப்பு நீள்சொக்கற்றும் அப்படியே: எகிறும் மின்சாரத்தை ஏர்த்துக்குள் தள்ளுவதுதான் அதன் முக்கிய வேலை, ஏர்த் இல்லாவிடில் பாதி வேலைகூட நடவாது. இடி முழங்கினால் பிளக்கையும் அன்ரெனா வயரையும் கழற்றிவிடுவது இன்னும் நல்லது.

மார்ச்சிலும் ஒக்டோபரிலும் மணிக்கூட்டை மாற்றும் நாளில் றிலேயின் ரெஸ்ற் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மின்சாரக்காரரைக் கூப்பிடுங்கள். ஆனால் அந்தப் பொத்தான் றிலேயை மட்டுமே சோதிக்கும், சொக்கற்றில் ஏர்த் வருகிறதா என்று சொல்லாது. எங்கள் வீட்டை மின்சாரக்காரர் அளந்தபோது, சமையலறையில் வாய் இருந்தும் உள்ளே கம்பி இல்லாத சொக்கற் ஒன்று அகப்பட்டது.