உஷார்! பட்டாசுக் கழிவு மருந்து செடிக்கு உரமல்ல

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் உடனே கவனிக்க வேண்டிய விஷயம் இது. "மண்ணுல சுண்ணாம்பு ஜாஸ்தி, கந்தகம் போட்டா சரியாயிரும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்தே. கந்தகம் புழங்குகிற ஊர் என்பதால் உரக்கடைக்குப் போகாமல், பட்டறையில் கூட்டி அள்ளிய கழிவு மருந்தைக் குழியில் கொட்டத் தோன்றும். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம்!

அதில் கந்தகம் மட்டுமா இருக்கும்? வெடியுப்பும் அலுமினியப் பவுடரும் கலந்து கிடக்கும். மண்வெட்டி கல்லில் உரசினால் போதும், பற்றிக்கொள்ளும். தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடும் என்றும் நம்பாதீர்கள். ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானாகவே சூடேறி வெடிக்கக்கூடும். பச்சை ஒளிக்காகச் சேர்க்கும் பேரியம் நைட்ரேட் தண்ணீரில் கரையும் நஞ்சு. பட்டாசில் பேரியம் உப்புகளை 2018இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. பழைய கழிவில் அது இல்லை என்று யார் உறுதி சொல்வது? பிள்ளைகள் பறித்துத் தின்னும் செடியடியில் இதைப் போடலாமா?

உரக்கடையில் வாங்கிய சுத்தமான கந்தகம் கூட சுக்கான் மண்ணை எளிதில் மாற்றாது. மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. 100 கிலோ மண்ணில் 5 கிலோ சுண்ணாம்பு இருந்தால், அதைக் கரைக்க மட்டுமே 1.6 கிலோ கந்தகம் வேண்டும். உப்புப் போர்த் தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்ச, களர்த்தன்மை மறுபடி ஏறும். இந்த மண்ணில் புளூபெர்ரி நட்டால் காசுக்குக் கேடு. அதற்கு 5ஐச் சுற்றிய கார அமில நிலை வேண்டும், நம் கரிசலிலோ 8ஐத் தாண்டும்.

இந்த மண்ணைத் தாங்குகிற செடியை நடுங்கள்: இலந்தை, களா, மாதுளை, சீத்தா. சீத்தாவில் அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையமே ஏபிகே 1 என்ற ரகத்தைத் தந்திருக்கிறது. குழியில் மக்கிய தொழுவுரம் நிறையப் போடுங்கள். அடுப்புச் சாம்பல் வேண்டாம், அது காரத்தைக் கூட்டும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் இறங்கியபின் இலையில் தெளியுங்கள்.

கழிவு மருந்தை ஏற்கெனவே கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களா? கிளறாதீர்கள், எரிக்காதீர்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு 101க்குப் போன் பண்ணுங்கள்.