வேலையை விட்ட பிறகும் வரவேண்டிய சம்பளம்!

தாம்பரம் சானடோரியம் ரெயில் நிலையம். காலை நேரத்தில் மின்சார ரெயிலில் இருந்து இறங்கும் கூட்டத்தில் பெண்கள் ஏராளம். கையில் சாப்பாட்டுப் பை, நடையில் அவசரம். 1984-ம் ஆண்டு அமைக்கப்பட்ட ஏற்றுமதி வளாகத்துக்குப் போகிறார்கள். "மெப்ஸ்" என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். (சானடோரியம் என்ற பெயர், 1928-ல் அங்கு தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது.)

தையல் வேலை, மின்னணுக் கருவிகளைப் பூட்டும் வேலை என்று பலவிதம். கல்யாணமாகி நின்று விடுகிறவர்கள் உண்டு. அடுத்த கம்பெனிக்கு மாறுகிறவர்களும் உண்டு. கடைசி மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் கணக்கு முடிந்தது என்று நினைத்து விடுகிறார்கள்.

முடியவில்லை! எடுக்காத விடுமுறைக்கும் சம்பளம் உண்டு.

எவ்வளவு?

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதற்குக் கணக்குச் சொன்னது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுமுறை. ஆனால் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 21-11-2025 அன்று அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அதை 180 நாளாகக் குறைத்தது.

ஒரு பெண் 260 நாள் வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். 13 நாள் விடுமுறை. தினக்கூலி 500 ரூபாய் என்றால் 6,500 ரூபாய். ஒரு மாத வீட்டு வாடகை அல்லவா?

இடையில் வேலையை விட்டவருக்கு அந்த 180 நாள் கணக்குக் கிடையாது. செய்த வேலைக்கு ஏற்ற விடுமுறைச் சம்பளம் உண்டு. தானாக நின்றாலும், முதலாளி நிறுத்தினாலும், இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

காண்டிராக்டில் வேலை செய்தவர்களைத்தான் அதிகம் அலைய விடுகிறார்கள். "காண்டிராக்டரைக் கேள்" என்பார் மானேஜர். காண்டிராக்டரோ ஊரிலேயே இருக்கமாட்டார்! அவர் சம்பளம் கொடுக்கத் தவறினால், வேலை வாங்கிய கம்பெனியே கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

காகிதம்தான் பலம்

சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, லீவு கேட்டு எழுதிய கடிதத்தின் நகல். இவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். கேட்ட லீவை மறுத்திருந்தால் அந்த நாட்களும் கணக்கில் சேரும். சாதாரணமாக 30 நாளுக்கு மேல் சேர்த்து வைக்க முடியாது. மறுக்கப்பட்ட லீவுக்கு அந்த வரம்பு இல்லை. வாயால் கேட்டதற்குச் சாட்சி ஏது?

"எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில், பணம் வருமுன் கையெழுத்துப் போடுவது ஆபத்து.

முதலில் கம்பெனிக்குக் கடிதம். தபால் ரசீது கையில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு. தனியாகப் போகப் பயந்தால் சங்கத்தின் மூலம் போகலாம். சம்பளப் பாக்கி கேட்க 1936-ம் ஆண்டுச் சட்டத்தில் ஓராண்டுதான் கெடு இருந்தது. 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டம் அதை மூன்று ஆண்டாக்கியது.

தொழிலாளி வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால்? அப்போதும் அந்தப் பணம் போய்விடாது. இரண்டு மாதத்துக்குள் வாரிசிடம் கொடுக்க வேண்டும். கணவரை இழந்த பெண்கள் பலருக்கு இது தெரிவதில்லை. பெட்டியில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டுகளை அவர்கள் எடைக்குப் போட்டுவிடக் கூடாது.