திறப்பு விழாவுக்கு முன் போடும் கையெழுத்துகள்

சிறிதாக ஒரு கடையோ பட்டறையோ தொடங்கப் போகிறவர்களின் கவனமெல்லாம் சரக்கிலும் இடத்திலும்தான் இருக்கிறது. மிஷின் எங்கே மலிவு, போர்டுக்கு என்ன நிறம், எந்த முகூர்த்தத்தில் திறப்பது. அதே வாரங்களில், பெரும்பாலும் படிக்காமலேயே, ஏழெட்டுத் தாள்களில் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். வியாபாரம் நொடித்தால் சரக்கைத் தள்ளிவிடலாம், மிஷினைப் பாதி விலைக்காவது விற்கலாம். அந்தக் கையெழுத்துகளை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

தனி ஆளாக நடத்தும் கடைக்குச் சட்டத்தின் கண்ணில் தனி உயிர் கிடையாது. கடையின் கடன் முதலாளியின் கடன். கடையில் இருப்பது போதாவிட்டால் அவருடைய வீடும் நிலமும் கணக்கில் வரும். கீழே சொல்லப்போவது எல்லாவற்றையும் இதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

முதல் தாள் வாடகை ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடுகிறவர் அந்தப் பாதுகாப்பைத் தானே விட்டுக்கொடுக்கிறார். எத்தனை மாதம் காலி செய்யக் கூடாது, முன்பே காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற வரிகளைத் தேடிப் படியுங்கள். ஈபி கார்டையும் வாங்கிப் பாருங்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்தி மாட்டினால், 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடுவார்கள்.

அடுத்தது பிரான்சைஸ். டீக்கடை, பிரியாணிக் கடை, ஐஸ்கிரீம் பார்லர் என்று ஊருக்கு ஊர் இந்த விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. இத்தனை லட்சம் போடுங்கள், மாதம் இத்தனை ஆயிரம் நிச்சயம் என்பார்கள். இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் கையெழுத்தோ பணமோ வாங்குவதற்குக் குறைந்தது 14 நாளுக்கு முன்பே, நிறுவனத்தின் மீதுள்ள வழக்குகள், மூடிய கிளைகளின் எண்ணிக்கை உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லாததால், கேட்டு வாங்குவது நம் வேலை. ஓடுகிற கிளைகளை அவர்களே காட்டுவார்கள். மூடிய கிளைகளின் முகவரியைக் கேளுங்கள். அவற்றை நடத்தியவர்களைத் தேடிப்போய்ப் பேசுங்கள்.

விற்பனையையும் நீங்களே அளக்கலாம். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, கிளை திறந்ததும் ஒரு டீ வாங்கி பில்லை வைத்துக்கொள்ளுங்கள். இரவு மூடும் நேரத்தில் இன்னொரு டீ, இன்னொரு பில். பில் எண் வரிசையாக ஓடும் கடையாக இருந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைய பில்களின் எண்ணிக்கை. இப்படி நாலைந்து நாள் பார்த்தால், விளம்பரத்தில் சொன்ன லாபம் வருமா வராதா என்பது தெரிந்துவிடும். பிராண்ட் பெயர் உண்மையிலேயே பதிவானதா என்பதை வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டுக் கிளை விற்பவர்களும் உண்டு. ஒப்பந்தத்தில் மூலப்பொருளை அவர்களிடமே வாங்க வேண்டும் என்றிருக்கும், விலை என்ன என்றிருக்காது. தகராறு வந்தால் எந்த ஊரில் வழக்கு என்பதும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். திருப்பூரில் கடை வைத்தவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் டில்லிக்கு எப்படிப் போவார்?

மச்சானோடோ நண்பனோடோ கூட்டு என்றால், 1932-ம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 25-வது பிரிவு போதும்: நிறுவனத்துக்காக ஒருவர் செய்ததற்கு மற்றவரும் முழுப் பொறுப்பு. பாதிப் பங்கு போட்டவர் பாதிக் கடனோடு தப்ப முடியாது.

பணம் புரட்டும் இடத்தில்தான் மிக மோசமான கையெழுத்துகள் விழுகின்றன. ஜாமீன் போடும் அண்ணனுக்கு, "தம்பி கட்டாவிட்டால் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள்" என்ற நம்பிக்கை இருக்கும். 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. கடன் வாங்கியவருக்குள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. வங்கி நேராக அவரிடமே வரலாம்.

தனியார் பைனான்ஸில் நடப்பது இன்னும் சுருக்கமானது. மேஜை மேல் ஒரு புரோ நோட்டு, ரெவின்யூ ஸ்டாம்ப், மூன்று காசோலைகள். பெயர், தொகை, தேதி எதுவும் எழுதாமல் கையெழுத்து மட்டும் கேட்பார்கள். "சும்மா ஒரு செக்யூரிட்டிக்குத்தான்" என்பார்கள். பிறகு அந்தக் காசோலையில் வேறொருவர் எழுத்தில், வேறு மையில், வாங்கியதைப் போல மூன்று மடங்கு தொகை ஏறினால், "நான் அதை எழுதவில்லை" என்று சொல்வது மட்டும் காப்பாற்றாது. தானாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையை வாங்கியவர் பூர்த்தி செய்தாலும் அது செல்லும், கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கொடுத்தவரே என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசோலை திரும்பினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பெயரையும் தொகையையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். காசோலை எண்களைக் குறிப்பிட்டு, எதற்காகக் கொடுத்தது என்று எழுதி, வாங்கியவரிடம் கையொப்பம் பெறுங்கள்.

தண்டலின் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் கடன் என்று சொல்லி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்க 15 சதவீதம் போலத் தெரியும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம். தமிழ்நாட்டின் 2003-ம் ஆண்டுச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. இருந்தும், முதல் மாத வாடகைக்கே கைப்பணம் போதாமல் கடை திறந்தவர்கள் இதில்தான் போய் விழுகிறார்கள்.

அரசு மானியத்தை நம்பி முதலீட்டுக் கணக்குப் போடுவதும் ஆபத்து. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியம் கைக்கு வராது. வங்கியிலேயே மூன்று ஆண்டு வைப்பாகக் கிடந்து, தொழில் நடந்துகொண்டிருந்தால் கடனில் கழியும். அதற்குள் மூடிவிட்டால் போய்விடும். விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லாத இந்தத் திட்டத்துக்குக் கமிஷன் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, கடனுக்கு விற்பவர்களுக்கு. உத்யம் என்ற அரசுப் பதிவைச் செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்கி விற்கும் வியாபாரிகளை 2021-ல் உத்யம் பதிவுக்குள் சேர்த்தார்கள், ஆனால் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். ஹோட்டலுக்கு அரிசி போடும் மொத்த வியாபாரி இந்த 45 நாளை நம்பிக் கடன் கொடுக்கக் கூடாது. உற்பத்தி செய்கிறவரோ முதல் லோடு ஏறும் முன்பே பதிவை முடித்துவிட வேண்டும். ஆதாரும் பானும் இருந்தால் ஒரு ரூபாய் செலவில்லாத வேலை. சரக்கு அனுப்பிய பிறகு பதிவு செய்துவிட்டு, பழைய பில்லுக்கும் இந்தச் சட்டத்தில் பணம் கேட்டவர்களின் வாதத்தை 2021-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.